சம்பளச் சீட்டில் புதிதாக ஒரு வரி

கிளட்ச் அக்காவின் சம்பளச் சீட்டை அவளுக்கு முன்னால் பார்த்தவன் நான்தான். வேண்டுமென்று பார்க்கவில்லை. எங்கள் பஸ் டிப்போவில் நான் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது என் வேலை. சம்பள நாளன்று சம்பளப் பிரிவு மேடம் சீட்டுக் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஓட்டுநர்கள் வண்டிச் சாவியை ஒப்படைக்கும்போது ஆளுக்கொன்றாக எடுத்துக் கொடுப்பேன். எல்லாம் ஒற்றைத் தாள். அக்காவுடையதில் மட்டும் பின்னால் இன்னொரு தாள் பின் அடித்திருந்தது.

பிடித்தம் என்ற இடத்தில் எல்லோருக்கும் மூன்று வரிகள் இருக்கும். அவளுக்கு நான்காவதாக ஒன்று இருந்தது. 'வரித்துறை ஆணைப்படி பிடித்தம்.' எதிரே இருந்த தொகை அவள் சம்பளத்தில் சரியாகக் கால்பங்கு. பின்னால் இருந்த தாளில் அந்த ஆணையின் எண்ணும் தேதியும் மட்டும்.

அவள் நின்றபடியே படித்தாள். திரும்பவும் படித்தாள். "தம்பி, இது என்னோடதுதானா? பேரைப் பாரு" என்றாள். பார்த்தேன். அவளுடையதுதான்.

சம்பளப் பிரிவு என் மேஜைக்கு எதிரே, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். மேடம் நல்ல மாதிரிதான், ஆனால் குரல் மட்டும் டீசல் போடும் இடம் வரை கேட்கும்.

"மூணு வாரம் முன்னாடியே லெட்டர் வந்துடுச்சும்மா. உங்களுக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கறதா போட்டிருக்கே."

"எனக்கு எதுவும் வரல மேடம்."

"நாலு வருஷக் கணக்கு நீங்க தாக்கலே பண்ணலயாம். அவங்களே ஒரு வருமானத்தைப் போட்டு, வரி, வட்டி, அபராதம்னு சேர்த்து, முடியற வரைக்கும் மாசா மாசம் சம்பளத்துல பிடிக்கச் சொல்லிட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கே தெரியாம இருக்கும்னு நான் எங்க கண்டேன்? நான் பிடிக்கலன்னா டிப்போகிட்ட பிடிப்பாங்க, டிப்போ என்கிட்ட பிடிக்கும்."

சாவி கொடுக்க வந்திருந்த இரண்டு ஓட்டுநர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்தார். அவருடைய ஷூவுக்கு லேஸே கிடையாது. அக்கா சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

கிளட்ச் அக்கா என்று பெயர் வந்தது பழைய தொழிலால். எங்களிடம் சேருவதற்கு முன்னால் அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஒரு டிரைவிங் ஸ்கூலில் கூலிக்கு இருந்தவள், முதலாளியோடு ஒத்துவராமல் வெளியே வந்து, ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் வைத்து, சொந்தமாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். நாலு வருஷம் ஓடியது. "கிளட்சை விடு, மெதுவா, இன்னும் மெதுவா" என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்லியிருப்பாள். எங்கள் டிப்போவிலேயே அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் மூன்று பேர். அவர்கள் வைத்த பெயர்தான் அது.

அந்த நாலு வருஷத்தில் தன் வருமானக் கணக்கை அவளேதான் தாக்கல் செய்திருக்க வேண்டும். முதல் வருஷம் செய்ய நினைத்தாள். படிவத்தை எடுத்துவந்து வைத்திருந்தாள். 'தேய்மானம்' என்று ஒரு கட்டம் வந்தது. டயர் தேய்வதையா கேட்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே மூடி வைத்தாள். நாளைக்குப் பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று கெடு தேதி போய்விட்டது.

"அடுத்த வருஷம் போட்டுத்தான் இருக்கணும். ஆனா இந்த வருஷத்துதைக் கொண்டு போய்க் கொடுத்தா, போன வருஷத்தது எங்கேன்னு கேப்பாங்கள்ல? அந்தப் பயம். மூணாவது வருஷம் ரெண்டு வருஷத்துப் பயம். நாலாவது வருஷம் மூணு வருஷத்துப் பயம்" என்று என்னிடம் சொன்னாள். பிறகு காரை விற்றுவிட்டு பஸ் ஓட்ட வந்தாள். இங்கே வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். ஐந்து வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் விடவில்லை. அவள் வீடு மாறியது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பழைய வீடு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது. சம்பளச் சீட்டு வந்த மறுநாள் அங்கே போனாள். இப்போது குடியிருப்பவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடியும் முன்பே வேலைக்குப் போய், பகலில் தூங்குகிறவர். மூன்றாவது தடவை கதவைத் தட்டியபோது பனியனோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, உள்ளே போய் மாவு வந்த காகிதப் பை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இந்தப் பேர்ல ஆள் இல்லன்னு எழுதி எழுதித் திருப்பி அனுப்பினேன். அது திரும்பத் திரும்ப இங்கேயே வருது. கிழிச்சுப் போட மனசு வரல, கவர்மென்ட் முத்திரை இருக்கு. நல்லவேளை வந்தீங்க."

பையில் பதினோரு உறைகள். அவள் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கிப் பிரித்தாள். முதல் இரண்டும் தன்மையாக இருந்தன. 'தாங்கள் தாக்கல் செய்யத் தவறியதாகத் தெரிகிறது.' போகப் போகக் குரல் ஏறியது. ஏழாவதில்தான் அவர்களாகவே போட்ட கணக்கு. பதிவு பெற்ற பயிற்சியாளர், சொந்த வாகனம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வகுப்பு, வருஷம் முழுவதும். அவளுக்கு நல்ல நாளிலேயே நாலு வகுப்புதான் இருக்கும். மூன்றாவது வருஷம் ஒரு மாணவன் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து ஒரு வீட்டு இரும்பு கேட்டில் கொண்டு போய் முட்டி, அவள் மணிக்கட்டு முறிந்து, ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். அந்த ஐந்து மாதத்துக்கும் எட்டு மணி நேரம்.

எல்லாம் கூட்டினால் பதினாலு மாதச் சம்பளம். வட்டி வேறு ஏறிக்கொண்டிருந்தது. மாதம் கால்பங்கு வீதம் பிடித்தால் ஆறு வருஷம் ஆகும்.

வரித்துறைக்கு ஒரு தொலைபேசி எண் உண்டு. எங்கள் ஓட்டுநர்களுக்கு ட்ரிப்புக்கு நடுவே இருபத்தைந்து நிமிஷ ஓய்வு. அந்த எண்ணில் ஆள் வர நாற்பது நிமிஷம் ஆகும். இருபத்தைந்து நிமிஷமும் பாட்டைக் கேட்டுவிட்டு, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்ற குரலின் நடுவில் வைத்துவிட்டு வண்டியை எடுப்பாள். ஒரு வாரம் இப்படிப் போனது. "தம்பி, அந்தப் பாட்டை இப்ப என்னால பல்லவியிலருந்து சரணம் வரைக்கும் பாட முடியும்" என்றாள். சிரிக்கவில்லை.

வார விடுமுறை நாளில் நேரிலேயே போனாள். டோக்கன் எண்பத்தேழு. ஓடிக்கொண்டிருந்தது இருபத்திரண்டு. மதியம் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இங்க வசூல் மட்டும்தான்மா. கணக்கு தாக்கல் மேல் மாடி" என்றார். மேல் மாடியில் புது டோக்கன். அங்கே இருந்த பெண், "பிடித்தம் ஆரம்பிச்ச கேஸ் எல்லாம் கீழதான் மேடம், நாங்க தொட முடியாது" என்றாள். கீழே வந்தால் உணவு இடைவேளை. காவலாளி சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவையில்தான் விஷயம் விளங்கியது. வசூல் கவுண்டர்காரர் இனிமேல் நிறைய வரப்போவதால் சொல்கிறேன், ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். அவர் சொன்னார்: "நாலு வருஷக் கணக்கையும் நீங்களே இப்ப தாக்கல் பண்ணுங்க. ஆதாரத்தோட. அதை மேல ஏத்துக்கிட்டா நாங்க போட்ட கணக்கு போயிடும், உங்க கணக்கு நிக்கும்."

"அது வரைக்கும்?"

"பிடித்தம் நடக்கும்."

"எவ்வளவு நாளாகும் சார்?"

"அது மேல இருக்கறவங்கள கேக்கணும்." பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். "கஷ்டமா இருந்தா பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லி இதுல மனு பண்ணலாம். வீட்டுல யார் யார் சம்பாதிக்கறாங்களோ எல்லாரோட வருமானமும் எழுதி, கையெழுத்து வேணும்."

அந்தக் கையெழுத்தில்தான் சிக்கல். வீட்டில் சம்பாதிக்கிற இன்னொருவர் அவள் கணவர். அவருக்கு இது எதுவுமே தெரியாது.

அவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வோம். அளவு விஷயத்தில் கறார். அரை நூல் பிசகினாலும் கண்ணாடி உட்காராது என்பார். அந்த நாலு வருஷமும், ஒவ்வொரு வருஷமும் கெடு நெருங்கும்போது, "கணக்கு போட்டாச்சா?" என்று அவளைக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் அவள் "போட்டாச்சு" என்று சொல்லியிருக்கிறாள். தன் அண்ணனிடம்கூட, "எங்க வீட்டுல பேப்பர் வேலை எல்லாம் அவதான், கெட்டிக்காரி" என்று பெருமை பேசியிருக்கிறார்.

முதல் மாதம் சம்பளம் குறைந்ததை, கூட்டுறவுக் கடனுக்குப் பிடித்துவிட்டார்கள் என்று சமாளித்திருந்தாள். இரண்டாவது மாதம் அதற்கும் வழியில்லை. மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள், தவணை கட்ட வேண்டிய மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் கண்ணாடி வெட்டும் கட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா பதினோரு உறைகளையும் மனுவையும் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். இந்த இடத்தை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அவர் முதல் உறையைப் பிரித்தார். இரண்டாவதைப் பிரித்தார். மீதியைப் பிரிக்கவில்லை.

"எத்தனை வருஷம்?"

"நாலு."

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"என்ன சொன்ன?"

அவள் பிரிக்காத உறைகளை ஓரம் சேர்த்து அடுக்கினாள்.

"பணம் போகட்டும். நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லியிருக்க."

"பயமா இருந்துச்சுங்க."

"என்கிட்டயா?"

"உங்ககிட்ட இல்ல. சொன்னா நிஜமாயிடும்னு."

அவர் பேனாவைக் கேட்டார். மனுவில் தன் வருமானத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, அவள் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. தண்ணி வந்துச்சா, சாவி எங்க, பொண்ணு போன் பண்ணாளா. "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல தம்பி. வீட்டுக்குள்ள வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

கணக்கு தயாரிக்க ஆதாரம் வேண்டும். அக்கா எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. டீசல் பில், டயர் பில், ஒர்க்‌ஷாப் பில் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தன. டிப்போவுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். மேடம்தான் சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் டப்பாவைத் திறந்து ஒரு பில்லை எடுத்தாள். வெள்ளையாக இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வெள்ளை. மெஷினில் சூடுபட்டு அச்சாகிற அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சில வருஷத்தில் மறைந்துவிடுமாம். டப்பா முழுக்க, சீராக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்ட வெற்றுத் தாள்கள்.

"இதை வச்சு நான் என்னக்கா பண்ண? ஒண்ணும் எழுதல, ஒண்ணும் செலவாகலன்னு ஆகுது."

"இதுல டீசல் பில் இருந்துச்சும்மா. என் கண்ணால பார்த்தேன்."

"உங்க கண்ணை ஆதாரமா இணைக்க முடியாதே."

மாணவர்கள் பணத்தைக் கையில்தான் கொடுத்தார்கள், அதனால் வங்கியிலும் சுவடு இல்லை. டைரி இரண்டு வருஷத்துக்குத்தான் இருந்தது. அதில்கூட 'ஆறு மணி, குண்டுப் பையன்', 'ஏழு மணி, அழற டீச்சர்' என்றுதான் எழுதியிருந்தாள். கணக்குப் பெண் பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க வேலை செஞ்சதை உங்களத் தவிர வேற யாராவது எங்கயாவது எழுதி வச்சிருப்பாங்களா?"

அக்கா யோசித்தாள். எழுதி வைத்திருந்தார்கள். ஓட்டுநர் தேர்வு மையத்தில். லைசென்ஸ் வாங்கத் தேர்வுக்கு வருகிற ஒவ்வொருவரும் எந்த வண்டியில், எந்தப் பயிற்சியாளரோடு வந்தார்கள் என்று அங்கே பதிவேடு உண்டு.

ஆனால் அந்த மையத்தின் மேற்பார்வையாளர் சாதாரண ஆள் இல்லை. பயிற்சியாளர்கள் அவருக்கு வைத்த பெயர் மாமனார். எப்படிச் செய்தாலும் குறை சொல்வார் என்பதால். அக்காவின் மாணவர்களை அவர் ஃபெயில் ஆக்கியபோதெல்லாம் இருவருக்கும் வாய்த் தகராறு நடந்திருக்கிறது. இப்போது அவரிடமே போய் நிற்க வேண்டும்.

அவர் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "உங்க ஆளுங்க எல்லாம் கண்ணாடியப் பார்க்காமலே வண்டியத் திருப்புவாங்க."

"ஆமா சார். நான்தான் சரியா சொல்லித் தரல." சண்டைக்கு அன்று நேரமில்லை.

விஷயத்தைக் கேட்டார். நாற்காலி காட்டவில்லை. ஆனால் முழுதாகக் கேட்டார். "விண்ணப்பம் எழுதிக் கொடுங்க. கட்டணம் கட்டுங்க. பதினஞ்சு நாள்."

பதினாறாவது நாள் போனாள். நகல் தயாராக இருந்தது, முத்திரை போடுகிறவர் விடுப்பில் இருந்தார். அடுத்த வாரம் போனாள். முத்திரை போட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு மாதவாரியாக அத்தனை பேரும் இருந்தார்கள். மணிக்கட்டு முறிந்த வருஷத்தில் ஐந்து மாதம் வெறுமையாக இருந்தது. இவ்வளவு அழகான வெற்றிடத்தை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றாள்.

"முதல் வருஷம் எங்க சார்?"

"எட்டு வருஷத்துக்கு மேல வச்சிருக்கறதில்ல. அழிச்சாச்சு."

"எப்ப அழிச்சீங்க?"

அவர் ஒரு கோப்பைப் பார்த்தார். "நாலு மாசம் ஆச்சு."

மாவுப் பையில் இருந்த உறைகளில் ஒன்று மட்டும் சரியான வீட்டுக்கு வந்திருந்தால் போதும், அந்தப் பதிவேடு கிடைத்திருக்கும். அக்கா அந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டாள். மாமனார் அப்போதுதான் நாற்காலியைக் காட்டினார். பிறகு, கேட்காமலே, ஒரு மாணவர் தேர்வுக்கு வரும் முன் சராசரியாக எத்தனை வகுப்பு எடுப்பார் என்று ஒரு குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "இது இல்லாம அந்த லிஸ்ட் அவங்களுக்குப் புரியாது" என்றார். கடைசி வரை சிரிக்கவில்லை.

கணக்குப் பெண் மூன்று வருஷத்தையும் அதை வைத்துக் கட்டினாள். முதல் வருஷத்துக்கு அக்காவின் வார்த்தையைத் தவிர வேறு எதுவும் இல்லை, இருந்தாலும் எழுதிச் சேர்த்தாள். மேல் மாடியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கட்டு கணக்குப் பெண்ணின் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. ஒவ்வொரு வருஷத்துக்கும் அந்தந்த வருஷத்துப் படிவத்தில்தான் எழுத வேண்டுமாம். இவர்கள் நாலையும் புதுப் படிவத்தில் எழுதியிருந்தார்கள். பழைய படிவத்துக்கும் புதியதற்கும் வித்தியாசம், ஒரு கட்டம் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போயிருந்தது. மறுபடி எழுதினார்கள். அதற்குள் ஐந்தாவது மாதச் சம்பளமும் கால்பங்கு குறைந்து வந்தது. மகளின் தவணைக்குக் கண்ணாடிக்காரர் விடுமுறை நாளிலும் வேலை எடுத்தார். அதை அவளிடம் சொல்லிக்காட்டவும் இல்லை. அதுவே அவளுக்குப் பெரிய பாரமாக இருந்தது.

டிப்போவில் வேறு தொல்லை. லேஸ் இல்லாத ஷூக்காரர், "அக்கா, நமக்கும் ஒரு மனு எழுதித் தாங்களேன்" என்று கிண்டல் செய்தார். ஒரு நாள் அக்கா சாவியை மேஜையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்: "போன வருஷம் லீவ்ல டாக்ஸி ஓட்டினியே, அதைக் கணக்குல காட்டினியா?" அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அதோடு கிண்டல் நின்றது. அடுத்த வாரம் அவர் கணக்குப் பெண்ணின் அலுவலகத்து வாசலில் நிற்பதை நானே பார்த்தேன்.

பிடித்தத்தைக் குறைக்கும் மனு என்ன ஆயிற்று என்று தெரியவே இல்லை. கவுண்டரில் கேட்டால் "பரிசீலனையில் இருக்கு" என்பார்கள். எட்டாவது மாதம் ரொட்டிக்காரர் டிப்போவுக்கே வந்துவிட்டார். தூங்காத கண். கையில் ஒரு உறை. "உங்களுதுதான். நான் ஊருக்குப் போயிருந்தேன், நேத்துதான் வந்தேன்."

அக்கா என் மேஜை ஓரத்திலேயே பிரித்தாள். மனு ஏற்கப்பட்டிருந்தது. கால்பங்கை அரைக்கால் ஆக்கியிருந்தார்கள். கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து பதினாலு நாளுக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், தவறினால் சலுகை ரத்து. பதினாலு நாள் முந்தாநாள் முடிந்திருந்தது.

முகவரி மாற்றத்தை அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டுக்கும் ரசீது வைத்திருந்தாள்.

அன்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நேராக அங்கே போனாள். டோக்கன் எடுத்து, முறை வந்து, ஒல்லியான கவுண்டர்காரர் முன்னால் உட்கார்ந்தாள். கடிதம், இரண்டு ரசீதுகள், சம்பளச் சீட்டுகள் எட்டு, எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். குரல் உயர்த்தவில்லை.

"சார், நான் தப்பு பண்ணேன். நாலு வருஷம் கணக்கு கொடுக்கல. அதுக்கு அபராதம் போட்டீங்க, சரி. அதுக்கு மேல வட்டி போட்டீங்க, அதுவும் சரி. நான் வண்டிய ரெண்டு நிமிஷம் லேட்டா எடுத்தா, ஏன்னு எழுதிக் கொடுக்கணும். உங்க லெட்டர் வருஷக்கணக்கா தப்பான வீட்டுக்குப் போகுது. அதுக்கு யார் எழுதிக் கொடுப்பாங்க?"

"அட்ரஸ் மாத்தியாச்சுமா. இதோ, திரையில புதுசுதான் காட்டுது."

"அப்ப இது எப்படி அங்க போச்சு?"

அவர் உறையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வசூல் பிரிவில் ஒரு முகவரி, மேலே கணக்குப் பிரிவில் ஒரு முகவரி. இது மாறினால் அது மாறாது. இது அவருக்கே அன்றுதான் தெரிந்தது என்றார்.

"மேல போய்ச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பின்னால் வரிசையில் நாற்பது பேர். அவள் எழுந்திருக்கவில்லை. "நான் போக மாட்டேன் சார். நான் மேல போனா கீழ போகச் சொல்வாங்க. எனக்கு இந்தப் படிக்கட்டு எத்தனை படின்னு தெரியும். முப்பத்தாறு."

அவர் 'கவுண்டர் மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார். வரிசை முணுமுணுத்தது. அவளை அழைத்துக்கொண்டு தானே படியேறினார். மேலே அந்தப் பெண்ணிடம் என்ன பேசினார் என்று தெரியாது, அக்கா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். அரைமணி நேரத்தில் முகவரி மாறியது, சம்மதக் கையெழுத்தைத் தாமதத்துக்குக் காரணம் குறித்து வாங்கிக்கொண்டார்கள், அடியில் கிடந்த அவளுடைய கணக்குக் கட்டு மேலே வந்தது. எட்டு மாதத்தில் நடக்காதது அரைமணியில் நடந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். "முதல் நாளே ஒருத்தர் படியேறியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டாள்.

ஒன்பதாவது மாதம் தீர்ப்பு மாதிரி ஒரு கடிதம் வந்தது, முதல் தடவையாக அவள் வீட்டுக்கே. மூன்று வருஷத்துக்கு அவள் கொடுத்த கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். வரி, அபராதம் எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம். முதல் வருஷத்துக்கு ஆதாரம் இல்லாததால் அவர்கள் போட்டதே நிற்கும். அது மட்டும் மூன்று மாதச் சம்பளம். பதினாலு ஐந்தாக இறங்கியிருந்தது. ஏற்கனவே பிடித்தது போக மீதி, அரைக்கால் வீதம் இன்னும் இருபத்திரண்டு மாதம்.

டிப்போவில் எல்லோரும் கை கொடுத்தார்கள். மேடம் டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா டீயைக் குடித்துவிட்டு, "அந்த முதல் வருஷம் நான் கையில வாங்கின மொத்தக் காசே அவ்வளவு இருக்காது மேடம்" என்றாள். மேல்முறையீடு செய்யலாமா என்று கணக்குப் பெண்ணைக் கேட்டுப் பார்த்தாள். அதற்கு வேறு அலுவலகம், வேறு டோக்கன். வேண்டாம் என்று விட்டுவிட்டாள். விட்டதற்காகவும் தன் மேலேயே கோபம்.

வீட்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முழுசாகவா என்று கேட்டால் தெரியாது. கண்ணாடிக்காரர் இப்போது தபால்காரரிடமிருந்து தானே கடிதங்களை வாங்கிப் பிரிக்கிறார். அவள் பெயருக்கு வந்ததையும். அது அவளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

சம்பளத்துக்கு வெளியே அவள் இப்போது சம்பாதிப்பது மிகக் கொஞ்சம். சனிக்கிழமைகளில் இரண்டு பெண்களுக்கு அவர்களுடைய காரிலேயே ஓட்டச் சொல்லித் தருகிறாள். இந்த வருஷம் கணக்கு தாக்கல் ஆரம்பித்த முதல் நாளே கணக்குப் பெண்ணிடம் போனாள். கணவரும் வருகிறேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவதைப் பார்த்தார்கள். தேய்மானம் வந்தபோது அவர், "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டார். வண்டி பழசாகப் பழசாக மதிப்புக் குறைவதைத்தான் கேட்கிறார்கள் என்று அந்தப் பெண் விளக்கினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் அக்கா ஒப்புகைச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து இரண்டு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னாள்.

"எதுக்குக்கா ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு அவருக்கு, கேட்டிருக்காரு."

நான் எடுத்துக் கொடுத்தேன். எழுத்து மறையாத நல்ல தாள்தானா என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்பதே கால் வண்டியை எடுக்கப் போனாள்.